மரம் போட்ட ஒரு சதம்: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பழைய பிஸ்கட் பேணியோடு வருபவர்கள் வருடத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். அம்மம்மாவின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அகப்பட்டது என்பார்கள், அல்லது வீடு மாறும்போது தட்டுப்பட்டது என்பார்கள். பேணிக்குள் வேறு எது இல்லாவிட்டாலும் மரம் போட்ட செப்புச் சதம் நாலைந்து நிச்சயம் கிடக்கும். கேள்விகளும் அனேகமாக அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சிலோன் எண்டு போட்டிருக்கு. இது எங்கட காசுதானா?

எங்கள் காசுதான். 1972இல் இலங்கை குடியரசாகும் வரை நாட்டின் ஆங்கிலப் பெயர் அதுதான். ஒரு பக்கம் ராணி அல்லது ராஜாவின் தலை, மறுபக்கம் நடுவில் ஒரு மரம், அதைச் சுற்றி ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றிலும் எழுத்து, கீழே ஆண்டு. உலோகம் செம்பு. எடை 4.72 கிராம். ஒரு இறாத்தலுக்குச் சரியாக 96 காசு வரும்படி கணக்குப் பார்த்து அடித்திருக்கிறார்கள்.

சதம் எண்டா நூறு. ஒரு காசை எப்பிடி நூறு எண்டு சொல்லுறது?

இதைக் கேட்டது ஏழாம் வகுப்புப் பையன். பெரியவர்கள் யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்ததில்லை. அவன் சொன்னது சரி, கிரிக்கெட்டில் சதம் அடித்தால் நூறு ஓட்டம். ஆனால் காசுச் சதம் ரூபாயில் நூறில் ஒரு பங்கு. ஆங்கிலத்து 'சென்ட்' லத்தீன் மொழியில் நூறைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதைத் தமிழாக்கப் போனவர்களுக்கு வடமொழியின் சதம் கையோடு அகப்பட்டது. இரண்டும் தூரத்து உறவுச் சொற்கள் வேறு. அதனால் நூறில் ஒன்றுக்கு நூறு என்றே பெயர் வைத்துவிட்டோம்.

தமிழ்நாட்டில் இருந்து வரும் உறவினர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கும். அவர்களுக்குப் பைசா. நமக்கோ 'அஞ்சு சதத்துக்கும் பிரயோசனமில்லாதவன்' என்று திட்டுவதற்கு இன்றைக்கும் சதம்தான் வேண்டும், சதக் காசு கையில் புழங்காவிட்டாலும்.

அது என்ன மரம்? தென்னைதானே?

இல்லை. தாளிப்பனை. நாணயப் பட்டியல்களில் எல்லாம் அப்படித்தான் இருக்கும். ஆனால் பேணியிலிருந்து வரும் காசு எழுபது எண்பது வருடம் கைகளில் உரசி வந்தது, ஓலையின் கோடுகள் முதலிலேயே அழிந்துவிடும். மிஞ்சுவது ஒரு தண்டும் மேலே ஒரு கொத்தும். அதைப் பார்த்து நீர்கொழும்புக்காரர் தென்னை என்பார், யாழ்ப்பாணத்தார் பனை என்று சத்தியம் பண்ணுவார். ஒரு மாமா என் வீட்டில் இருந்த அரை மணித்தியாலமும் 'இது எங்கட பனைதான், வெள்ளைக்காரன் பேரை மாத்திப்போட்டான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

தென்னையின் கீற்று இறகு மாதிரி நீண்டது, தாளிப்பனைக்கும் நம்முடைய பனைக்கும் ஓலை விசிறி மாதிரி விரியும். அந்த அளவில் மாமா சொன்னது பாதி சரி. தாளிப்பனை ஓலை மிகப் பெரியது, ஒன்றே ஒரு குடைக்குப் போதும். அதிலும் ஏடு எழுதினார்கள். முப்பது முதல் எண்பது வருடம் வரை வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உச்சியில் பெரிய பூங்கொத்து வைத்து, காய்த்து, பிறகு பட்டுப்போகும். நேரில் பார்க்க விரும்பினால் பேராதனைப் பூங்காவுக்குப் போகலாம்.

இது எப்ப தொடங்கினது? அதுக்கு முதல் சனம் என்ன காசு பாவிச்சது?

அதற்கு முதல் இருந்தது பெரிய கலவை. ஒல்லாந்தர் விட்டுப்போன றிக்ஸ் டொலர் கணக்கை ஆங்கிலேயரும் கொஞ்சக் காலம் கொண்டுபோனார்கள். 1821இல் யானை உருவத்தோடு வெள்ளி றிக்ஸ் டொலர் ஒன்றுகூட அடித்தார்கள், அழகான காசு. பிறகு பவுண், ஷிலிங், பென்ஸ். ஆனால் பென்னியில் நாலில் ஒன்றான பார்திங்கூட இங்குள்ள சந்தைக்குப் பெரிய தொகையாக இருந்தது. அதனால் இலங்கைக்கென்றே 1828இல் அரைப் பார்திங்கும் 1839இல் கால் பார்திங்கும் அடித்து அனுப்பினார்கள். பென்னியைப் பதினாறாக வெட்டிய காசு! இவற்றோடு இந்திய ரூபாயும் சேர்ந்து புழங்கியது.

இந்தியாவோடுதான் அரிசி, துணி, தோட்டத்துக்கு ஆள் எல்லாம். கடைசியில் 1869இல் இந்திய ரூபாயை முழு அளவில் செல்லுபடியாக்கினார்கள். 1871இல் அதை நூறாகப் பிரித்தார்கள். 1872 ஜனவரி 1 முதல் ரூபாயும் சதமும்தான் கணக்கு, ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷிலிங் மூன்று பென்ஸ் மாற்று. இந்தியாவில் அணாவும் பைசாவும் 1957 வரை ஓடின. நூறாகப் பிரிப்பதில் நாம் அவர்களுக்கு எண்பத்தைந்து வருடம் முந்திவிட்டோம். கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

என்ர காசிலை 1870 எண்டு கிடக்கு. 1872இல் தொடங்கினா அது கள்ளக் காசோ?

பயப்பட வேண்டாம். காசில் இருப்பது அச்சில் வெட்டிய ஆண்டு. சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்த நாள் வேறு. ஒரு நாடு கணக்கை மாற்றும்போது புதுக் காசு மூட்டை மூட்டையாகத் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் 1870 போட்ட செப்புக் காசுகள் முன்கூட்டியே வந்துவிட்டன. இந்த மர வரிசையின் மூத்த ஆண்டே 1870தான். அதைவிடப் பழைய ஆண்டு போட்டு யாராவது கொண்டுவந்தால் அப்போது சந்தேகப்படுங்கள்.

கால் சதம், அரைச் சதம் எண்டும் இருந்ததெண்டு அப்பப்பா சொல்லுவார். உண்மையா?

உண்மை. செம்பில் கால், அரை, ஒன்று, ஐந்து என்று நாலு காசு. கால் சதம் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, 1.18 கிராம்தான். மீன் வாங்கும்போது விழுந்தால் சேற்றுக்குள் தேட வேண்டியதுதான். 1904க்குப் பிறகு அது அடிக்கப்படவில்லை. அரைச் சதம் 1940 வரை வந்தது.

இவற்றில் எனக்குப் பிடித்தது செப்பு ஐந்து சதம். உள்ளங்கையில் வைத்தால் பாரம் தெரியும், ஏறத்தாழ 19 கிராம். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு சதத்தின் எடையை ஐந்தால் பெருக்கினால் 23 கிராமுக்கு மேல் வர வேண்டும். ஐந்து சதக் காசில் இருப்பதோ நாலு சதத்தின் செம்புதான். செப்புக் காசின் பெறுமதி அதன் உலோகத்தில் இல்லை, அரசாங்கம் சொன்ன சொல்லில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அப்படியும் அது தூக்கித் திரிய ஏலாத பாரம். 1909இல் அதைக் கைவிட்டு, மூலைகள் மழுங்கிய சதுரமாக, செம்பு நிக்கல் கலவையில் சின்னதாக ஐந்து சதம் கொண்டுவந்தார்கள். அந்தச் சதுர வடிவம் எங்கள் காலம் வரை வந்தது.

தமிழ் எழுத்து இருக்கு. அப்ப யாழ்ப்பாண ராசாவின்ர காசாய் இருக்குமோ?

இருக்காது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. மர சதம் அதற்கு இருநூற்றைம்பது வருடம் பிந்தியது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு வேறு விதம்: சின்னது, வட்டம்கூடச் சரியாக இராது, நந்தி படுத்திருக்கும், 'சேது' என்று தமிழில் எழுத்து இருக்கும். முகமோ ஆண்டோ இராது.

மர சதத்தில் தமிழும் சிங்களமும் வந்ததற்குக் காரணம் எளியது. காசைக் கையாண்ட பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அரச கடிதங்களில் இல்லாத இடம் தமிழுக்குச் சில்லறைக் காசில் கிடைத்தது.

தலையைப் பார்த்து எந்த ராசா எண்டு எப்பிடிச் சொல்லுறது? எழுத்து அழிஞ்சு போச்சு.

முதலில் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று பாருங்கள். பெண் முகம், இடப்பக்கம் என்றால் விக்டோரியா. கிரீடம் தரித்த தாடிக்காரர் வலப்பக்கம் பார்த்தால் ஏழாம் எட்வேர்ட். கிரீடம் தரித்த தாடிக்காரர் இடப்பக்கம் பார்த்தால் ஐந்தாம் ஜோர்ஜ். தாடி இல்லாமல் கிரீடத்தோடு இடப்பக்கம் பார்த்தால் ஆறாம் ஜோர்ஜ்.

ஒவ்வொரு ஆட்சிக்கும் முகத்தை மறுபக்கம் திருப்புவது அவர்களின் வழக்கம். அப்படியானால் இரண்டு ஜோர்ஜும் ஏன் ஒரே பக்கம் என்று ஒரு கூர்மையான ஆள் கேட்டார். நடுவில் எட்டாம் எட்வேர்ட் 1936இல் ஒரு வருடம்கூட முடியாமல் முடி துறந்தார். இலங்கைக்கு அவர் காசு வரவேயில்லை, என்றாலும் வரிசையில் அவருக்கு ஒரு இடம் விட்டுத்தான் எண்ணினார்கள்.

இலங்கைக் காசிலை ஏன் "இந்தியாவின் பேரரசர்" எண்டு கிடக்கு? நாங்கள் இந்தியாவோ?

இல்லை. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தபோது கொஞ்சக் காலம் சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனி நிர்வகித்தது. 1802இலிருந்து இலங்கை பிரித்தானிய முடிக்கு நேரே உட்பட்ட தனிக் குடியேற்றம். காசில் இருப்பது நாட்டைப் பற்றிய விளக்கம் அல்ல, ராஜாவின் பட்டம்.

கவனித்துப் பார்த்தால் இதற்குள் ஒரு கதை ஓடுகிறது. விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று 1877இல் பிரகடனம் செய்யப்பட்டாலும் நம் காசில் கடைசி வரை வெறும் 'விக்டோரியா குயீன்'தான். மகன் எட்வேர்ட் காலத்தில் 'கிங் அன்ட் எம்பரர்' ஆனது, எதற்கு எம்பரர் என்று சொல்லவில்லை. ஜோர்ஜ் காலத்தில்தான் 'இந்தியா' வெளிப்படையாக ஏறியது. இந்தியா சுதந்திரம் பெற்று, 1948இல் அந்தப் பட்டமும் போனது. அதனால் 1951 என்று ஆண்டு போட்ட இரண்டு சதத்தில் 'கிங் ஜோர்ஜ் த சிக்ஸ்த்' மட்டும் நிற்கிறது.

ரெண்டும் 1942. ஒண்டு தடிப்பு, மற்றது மெல்லிசு. எது ஒறிஜினல்?

இரண்டும் ஒறிஜினல். மெல்லியதைக் கள்ளக் காசு என்று வீசியவர்களையும் பார்த்திருக்கிறேன். யுத்த காலம். செம்பும் நிக்கலும் குண்டுக்கும் தோட்டாவுக்கும் போயின. அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலேயே ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 1942இல் பழைய தடிப்புச் செப்புச் சதம் ஒரு பக்கம் வர, அதே ஆண்டிலேயே ஏறத்தாழப் பாதி எடையில் வெண்கலச் சதமும் தொடங்கியது. இரண்டையும் மேசை விளிம்பில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஐந்து சதமும் அந்த வருடம் வெள்ளை நிறம் மாறி மஞ்சளாயிற்று, நிக்கல் பித்தளை.

சில்லறைத் தட்டுப்பாடு எவ்வளவு என்றால் சதத்துக்கே தாள் அச்சடித்தார்கள். 1942இன் ஐந்து சத நோட்டு என் கையில் ஒருமுறை வந்தது. தபால் முத்திரைக்கு இருப்பது போல நடுவில் துளை வரிசை. கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றது மூன்று சதம். கடைக்காரரிடம் மிச்சக் காசு இல்லாவிட்டால் நோட்டையே பிய்த்துக் கொடுக்கலாம். கிழிக்காத முழு நோட்டு இன்றைக்கு அருமை, ஏனென்றால் சனம் அதைக் கிழிக்கத்தானே வாங்கினார்கள்.

நெளி நெளியாய் ஓரம் வைச்ச மஞ்சள் காசும் பேணிக்குள்ள கிடக்கு. அதுவும் இதே சதமோ?

அது இரண்டு சதமாகவோ பத்துச் சதமாகவோ இருக்கும், பெரியது பத்து. இரண்டும் 1944இல் நிக்கல் பித்தளையில் வந்தவை. மரம் இராது. ஆனால் அந்த நெளிக் காசில் 1955 அல்லது 1957 போட்ட இரண்டு சதம் இருக்கிறதா பாருங்கள். எலிசபெத் ராணியின் முகம் நம் புழக்கக் காசில் ஏறியது அந்த இரண்டு சதத்தில் மட்டும்தான். இருபது வருடம் நம் நாட்டுக்கு ராணியாக இருந்தவருக்குக் கிடைத்தது அவ்வளவே.

பழப்புளி போட்டு மினுக்கிக் கொண்டுவரட்டோ?

வேண்டாம். தயவு செய்து வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யக்கூடாது. தேசிக்காய், வினாகிரி, சாம்பல், பற்பசை எல்லாம் அதே கணக்கு. புளியில் உள்ள அமிலம் அழுக்கை மட்டும் எடுக்காது, செம்பின் மேல் நூறு வருடமாகப் படிந்த கபில நிறத் தோலையும் சேர்த்து உரிக்கும். அந்தத் தோல்தான் உள்ளே உள்ள உலோகத்தைக் காக்கிறது, சேர்ப்பவர்கள் தேடுவதும் அதைத்தான்.

எனக்குத் தெரிவது எப்படி என்றால், நானே செய்தவன். பதின்மூன்று வயதில் அப்பாவின் மேசை லாச்சிக்குள் இருந்த 1870ஆம் ஆண்டு ஐந்து சதத்தைப் பழப்புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். கழுவியபோது ரோஸ் நிறத்தில் பளபளத்தது. எனக்குப் பெருமை. புறக்கோட்டையில் பழைய சாமான் விற்ற ஒருவரிடம் காட்டினேன். அவர் வெயிலில் சாய்த்துப் பிடித்தார். ராணியின் கன்னம் முழுக்க மெல்லிய கீறல், ஒரே திசையில், தும்பு போன போக்கில். 'தம்பி, இதைக் கழுவாமல் கொண்டுவந்திருக்கலாமே' என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்தார். மூன்று மாதத்தில் அது திட்டுத் திட்டாகக் கறுத்தது. இன்னும் வைத்திருக்கிறேன், வருபவர்களுக்குக் காட்டுவதற்கு.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுங்கள். அது போதும். மங்கிய பச்சைப் படலம் கெட்டியாக இருந்தால் அப்படியே விடலாம். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும் பச்சைதான் கூடாத களிம்பு, அப்படிப்பட்ட காசை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் உறைகளும் நாள்பட்டால் செம்பில் பச்சைப் பிசின் மாதிரி விடும். தாள் உறை நல்லது.

சரி, விலை எவ்வளவு போகும்? லட்சக் கணக்கில போகுமெண்டு வீடியோவில பார்த்தனான்.

எல்லாரும் உண்மையில் கேட்க வருவது இதைத்தான் என்று தெரியும். பேணியில் கிடக்கும் தேய்ந்த ஒரு சதத்தை விற்றால் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம், கூட ஒரு வடையும் கிடைத்தால் அதிர்ஷ்டம். தினமும் எல்லாக் கையிலும் புரள வேண்டும் என்று ஏராளமாக அடித்த காசு அது. பழையது என்பதால் மட்டும் அருமையாகிவிடாது. வீடியோக்காரர் சொல்லும் லட்சத்துக்கு ஒரு சதத்தை அவரே வாங்குவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

விலையைத் தீர்மானிப்பது தேய்மானம். கிரீடம் தரித்த தலை என்றால் கிரீடத்தின் அடிப்பட்டையைப் பாருங்கள், அங்குள்ள மணிகள் எண்ணக்கூடியதாக இருந்தால் காசு அதிகம் புழங்கவில்லை. மறுபக்கத்தில் ஓலையின் கோடுகள். இரண்டும் தெளிவாக இருந்து, மூலச் செம்பின் சிவப்பும் அங்கங்கே மிஞ்சியிருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அப்புறம் கால் சதமும் செப்பு ஐந்து சதமும், ஒரு சதத்தைவிட அவற்றுக்குக் கேள்வி அதிகம்.

பழைய செம்பு அரிசியை இழுக்குமாமே? ஒருத்தர் வந்து கேட்டவர்.

அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். செம்பு அரிசியையும் இழுக்காது, இரும்பையும் இழுக்காது. இது அக்கரை இந்தியாவிலிருந்து வந்த பழைய ஏமாற்று. முதலில் காசைப் பரிசோதிக்க என்று உங்களிடமே பணம் கேட்பார்கள். காந்தத்துக்கு இங்கே உள்ள ஒரே வேலை: மர சதம் காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு, அது போலி.

இப்பவும் கடையில குடுத்து வாங்கலாமோ?

ஒரு ரூபாய் சேர நூறு சதம் வேண்டும். அதை எண்ணி முடிப்பதற்குள் கடைக்காரர் கதவைச் சாத்திவிடுவார்.

மரத்தை எப்ப எடுத்தவங்கள்? சுதந்திரம் கிடைச்ச உடனேயோ?

உடனே இல்லை. 1948க்குப் பிறகும் ஆறாம் ஜோர்ஜின் காசே ஓடியது. 1950இல் மத்திய வங்கி தொடங்கியபோதும் பைகளில் அதுதான். ராஜா முகத்தோடு வந்த கடைசி ஒரு சதத்தில் உள்ள ஆண்டு 1945. அப்பா சின்னப் பையனாக அதைக் கொடுத்துத் தோடம்பழ இனிப்பு வாங்கியவர், ராஜா இறந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

1963இல்தான் முழு வரிசையும் மாறியது. முகம் இருந்த இடத்தில் நாட்டுச் சின்னம் வந்தது, ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியமாயின. ஊதினால் பறக்கும் போலிருக்கும். எலிசபெத் 1972 வரை நாட்டின் ராணி, ஆனால் ஒன்பது வருடம் முன்னரே காசிலிருந்து இறங்கிவிட்டார். அந்த மாற்றத்தில் தாளிப்பனைக்கும் இடம் கிடைக்கவில்லை.

நல்ல காசுகளை நேரில பார்க்க எங்க போகலாம்?

கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது, உயரத் தூண்கள் வைத்த பழைய கட்டடம். தெருவின் பெயர் சதாம் வீதி. சதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதியபோது தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது. போகுமுன் திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேல் ஓரத்தில ஒரு ஓட்டை கிடக்கு. பழுதான காசோ?

சேர்ப்பவர் கணக்கில் பழுதுதான், விலை விழுந்துவிடும். ஆனால் ஓட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஆணியால் குத்தியது என்றால் ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் உதடு மாதிரி எழும்பியிருக்கும். பல காசுகளில் அந்த உதடு தேய்ந்து வழவழப்பாக இருக்கும், ஓட்டையின் மேல் விளிம்பு மட்டும் நூல் ஓடி ஓடிப் பள்ளமாகியிருக்கும். யாரோ ஒரு குழந்தையின் அரைஞாணில் வருடக்கணக்காகத் தொங்கிய காசு அது. அப்படியொன்றை போன மாதம் ஒரு அம்மா கொண்டுவந்தார், 1926. யாருடைய இடுப்பில் கிடந்தது என்று கேட்டேன். 'அம்மாவின்ரயாய் இருக்கும், அல்லது பெரியம்மாவின்ர' என்றார், பேணியை மூடிக்கொண்டே.